ஓடை நின்றால் ஓடு

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அந்த இருபதிலும் 31 வருடம் மண்வெட்டியோடு நின்றவன் நான். ரோட்டு வேலை. வாய்க்கால் தூர் எடுப்பது, புதர் வெட்டுவது, மழைக்கு விழுந்த கல்லைக் கடப்பாரையால் புரட்டி ஓரம் தள்ளுவது. ஓய்வு பெற்று மூன்று வருடம் தாண்டிவிட்டது. இன்னும் மழைக்காலம் வந்தால் போன் அடித்துக் கேட்கிறார்கள்: "மேல மழையாங்க? ரோடு திறந்திருக்குதுங்களா?"

மழை பெய்கிறதா என்பதை ஜன்னலைத் திறந்தாலே தெரிந்துகொள்ளலாம். பெய்த தண்ணீர் எந்த வழியாகப் போகிறது, அந்த வழி அடைபட்டிருக்கிறதா, நாம் அந்த வழியில் நிற்கிறோமா என்பதை ஒருத்தரும் கேட்பதில்லை. மலையில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் அதுதான். என் மகள், "அப்பா, நீங்க வாயில சொல்றத எழுதிக் கொடுங்க, நான் நாலு பேருக்கு அனுப்புறேன்" என்றாள். சரி, எழுதுகிறேன்.

முதலில் ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. கடற்கரையில் அடித்த புயல் நம்மை என்ன செய்யும் என்று சேலத்தில் பாதிப் பேர் இருந்தார்கள். அது அங்கேயே நகராமல் கிடந்து, பிறகு மெல்ல மேற்கே நம் பக்கம் வந்தது. டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் ஊத்தங்கரையில் 50 செ.மீ. கொட்டியது. ஏற்காட்டில் 20 செ.மீ.க்கு மேல். 1ஆம் தேதி சாயங்காலமே திருவண்ணாமலையில் மலையடிவார வீடு ஒன்றின் மேல் மண்ணும் பாறையும் சரிந்து 7 பேர் போய்விட்டார்கள்.

எங்கள் வீடு ஏற்காட்டில் நாகலூர் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, காபிக்காட்டுச் சரிவில். வீட்டிலிருந்து முப்பது அடி தள்ளி ஒரு ஓடை. வருடத்தில் எட்டு மாதம் அதில் கால் நனையாது. அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து லாரி ஏறுகிற மாதிரி இரைந்துகொண்டே இருந்தது. அந்த இரைச்சலிலேயே தூங்கிவிட்டேன். ராத்திரி மூன்று மணி இருக்கும், விழிப்பு வந்தது. சத்தம் கேட்டு எழவில்லை. சத்தம் நின்றதால் எழுந்தேன்.

"மழ விட்டுருச்சாட்டம் இருக்குதுங்க" என்றாள் வீட்டுக்காரி, தூக்கத்திலேயே. காதைக் கொடுத்துக் கேட்டேன். தகரக் கூரையில் மழை அப்படியேதான் விழுகிறது. ஓடை மட்டும் ஊமையாகிவிட்டது. மழை குறையாமல் ஓடை குறைந்தால் ஒரே அர்த்தம்தான். மேலே எங்கேயோ மண் சரிந்து, மரமும் கல்லும் சேர்ந்து ஓடைக்கு அணை போட்டுவிட்டது. அந்த அணைக்குப் பின்னால் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. அது உடையும். எப்போது என்பதுதான் தெரியாது.

வீட்டுக்காரியையும் மாமியாரையும் எழுப்பி, மாட்டின் கயிற்றை அரிவாளால் அறுத்துவிட்டு, ஓடைக்கு முதுகைக் காட்டிக் குறுக்கே மேடேறினோம். மாரியம்மன் கோயில் திட்டு வரை இருநூறு அடி தூரம். மாமியாருக்கு எழுபத்தெட்டு வயது. "வெத்தலப் பெட்டிய விட்டுட்டேன் மாப்ள" என்று பாதி வழியில் நின்றார். நான் எதுவும் பேசாமல் தோளில் தூக்கிக்கொண்டேன். திட்டில் போய் உட்கார்ந்து கால் மணி நேரம் இருக்கும், தரை நடுங்கியது. பெரிய உரலில் யாரோ கல்லைப் போட்டு இடிப்பது போல ஒரு சத்தம். அப்புறம் சேற்று வாடை. விடிந்து பார்த்தால் மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் ஆளுயரப் பாறை ஒன்று உட்கார்ந்திருந்தது. வீட்டுச் சுவர் ஒரு பக்கம் போயிருந்தது. மாடு இரண்டு நாள் கழித்துத் தானே வந்து சேர்ந்தது.

இந்த ஒரு விஷயத்தை மட்டும் படித்துவிட்டு மிச்சத்தை விட்டாலும் எனக்குச் சம்மதம். மழையில் ஓடைச் சத்தம் திடீரென்று குறைந்தாலோ, தெளிவாக வந்த தண்ணீர் சட்டென்று சேறாக மாறினாலோ, இலையும் சுள்ளியும் வேரும் கூட்டமாக மிதந்து வந்தாலோ, என்ன ஏது என்று பார்க்க டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போகக் கூடாது. ஓடையை விட்டு விலகி மேடேற வேண்டும்.

மண் ஏன் சரிகிறது

ஒருமுறை பதினாலாவது வளைவில் நிலவியல் படிக்கிற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு பேராசிரியர் வந்தார். ஏற்காடு இருக்கிற இந்தச் சேர்வராயன் மலையின் அடியில் இருப்பது சார்னோகைட் என்கிற கெட்டிப் பாறை என்றார். ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரரின் கல்கத்தாக் கல்லறையில் இருந்த கல்லை வைத்து வந்த பெயராம். கல்லறைப் பெயர் கொண்ட மலையில்தான் இத்தனை நாள் வேலை பார்த்தேனா என்று அன்றைக்கு ஒரு மாதிரி இருந்தது. அது போகட்டும். அடியில் கெட்டிப் பாறை. மேலே பல்லாயிரம் வருடமாக மக்கிச் சிவந்த மண். மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். பாறையில் முட்டி நிற்கும்.

பாசி பிடித்த துவைக்கிற கல்லைக் கொஞ்சம் சாய்த்து வைத்து, அதன் மேல் உலர்ந்த போர்வையைப் போட்டுப் பாருங்கள். நிற்கும். அதே போர்வை முழுக்க ஊறினால் தன் கனத்திலேயே வழுக்கிக் கீழே வரும். மலைச்சரிவில் நடப்பது இதுதான். மண்ணுக்குக் கனம் கூடுகிறது, மண்துகள்களுக்கு நடுவே தண்ணீர் புகுந்து பிடிப்பை நெகிழ்த்துகிறது, பாறையை ஒட்டி வழுக்கல் உண்டாகிறது. இதில் போர்வையின் கீழ் ஓரத்தைத் தாங்கி நிற்கிற மண்ணை ஜேசிபி விட்டு வெட்டி எடுத்தால்? ரோடு போட, வீடு கட்ட, கார் நிறுத்த என்று சரிவின் காலை வெட்டுவது அதுதான். கூடவே வெட்டிய மண்ணை அள்ளிப் பக்கத்து ஓடையில் தள்ளிவிடுவார்கள். ஒரே நாளில் இரண்டு பாவம்.

மரம் இருந்தால் சரியாது என்று நம்புகிறவர்கள் உண்டு. மேல்மண்ணை மரவேர் பிடிக்கும், உண்மை. வேர் இறங்கிய ஆழத்துக்கும் கீழே சரிவு விட்டுக்கொண்டால் மரத்தையும் சேர்த்துத்தான் கொண்டுவரும். வயநாட்டில் 2024 ஜூலை 30 நள்ளிரவுக்குப் பிறகு வந்தது அப்படித்தான். ஏறக்குறைய 1,550 மீட்டர் உயரத்தில் தொடங்கியது. ஏற்காட்டுக்கும் கிட்டத்தட்ட அதே உயரம். அங்கிருந்து ஓடையைப் பிடித்துக்கொண்டு சுமார் 8 கிலோமீட்டர் இறங்கி முண்டக்கையையும் சூரல்மலையையும் துடைத்தது. 250 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் பலருடைய வீட்டுக்குப் பின்னால் சரிவே கிடையாது; பக்கத்தில் ஆறு மட்டும்தான் இருந்தது. மேலே சரிவது ஒரு இடம், கீழே சாவது வேறொரு இடம்.

புட்டியில் மழையை அளப்பது

மழையை யார் வேண்டுமானாலும் அளக்கலாம். இரண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் புட்டி ஒன்று போதும். கழுத்துக்குக் கீழே, உடம்பு நேராகத் தொடங்குகிற இடத்தில் அறுங்கள். அறுத்த மேல்பாகத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து வாயில் சொருகினால் புனல். அடியில் இருக்கும் மேடுபள்ளத்தைக் கூழாங்கல் போட்டு, சிமெண்ட் பாலை ஊற்றிச் சமமாக்குங்கள். காய்ந்த பிறகு அந்தச் சமமட்டத்தைப் பூஜ்ஜியமாக வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளையின் அளவுகோலை ஒட்டுங்கள். புட்டி உடம்பில் இடுப்பு ஒடுங்கியது வேண்டாம். மேலிருந்து கீழ் வரை ஒரே அகலமாக இருப்பதைத் தேடி எடுங்கள். மரத்தடியில் வைக்காமல் வெட்டவெளியில், காற்றில் சாயாதபடி செங்கல் முட்டுக் கொடுத்து வையுங்கள். தினமும் காலை 8.30க்குப் பார்த்து எழுதிவிட்டுக் கவிழ்த்துவிடுங்கள். வானிலை மையத்துக்காரர்களும் அந்த நேரத்துக்குத்தான் கணக்கு முடிக்கிறார்கள், ஒப்பிட வசதி.

24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. தாண்டினால் கனமழை. 115.6 தொட்டால் மிக கனமழை. 204.4ஐத் தாண்டினால் அதி கனமழை. டிவியில் இந்த வார்த்தைகளைத்தான் சொல்கிறார்கள். மேகவெடிப்பு என்கிறார்களே, அது ஒரு சின்ன வட்டாரத்தில் ஒரே மணி நேரத்தில் 10 செ.மீ. கொட்டுவது. 10 செ.மீ. என்றால் சாண் அளவுகூட இல்லையே என்று நினைப்பீர்கள். மூன்று ஏக்கர் காபிக்காட்டில் 10 செ.மீ. பெய்தால் 12 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி நூறு. அந்த நூறு லாரியும் உங்கள் வீட்டு மேட்டிலிருந்து ஒரே நாளில் இறங்க வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

நோட்டில் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு நாள் மழையை விட, முந்தின நாட்களில் மண் எவ்வளவு குடித்திருக்கிறது என்பது முக்கியம். வெயிலில் கிடந்த மண்ணில் 8 செ.மீ. பெய்தால் நான் கவலைப்படுவதில்லை. மூன்று நாள் விடாமல் தூறி, செருப்பு பதிகிற மண்ணில் அதே 8 செ.மீ. பெய்தால் அன்று ராத்திரி வேறு இடத்தில் படுக்கிறேன். என் சொந்தக் கணக்கு ஒன்று: ஊறின மண்ணில், ஒரு மணி நேரத்தில் புட்டியில் ஒரு அங்குலம் ஏறினால் ஓடைப்பக்க வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவது. சர்க்கார் கணக்கில் இது இல்லை, என் பயத்தின் கணக்கு. இரண்டு தடவை வீணாகப் போய்க் கோயில் திண்ணையில் படுத்துவிட்டு வந்திருக்கிறேன். வீட்டுக்காரி இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

கிளம்புவதை வெளிச்சம் இருக்கும்போதே முடிவு செய்ய வேண்டும். மூணாறு பக்கம் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களின் மேல் மலை இறங்கி 70 பேர் மண்ணுக்குள் போனார்கள். பெரும்பாலும் நம் தமிழ் ஜனங்கள். வெளியுலகத்துக்குச் சேதி எட்டியது மறுநாள் காலையில். கரண்ட் இல்லை, போன் இல்லை, இருட்டு. அந்த நிலையில் எந்தப் பக்கம் ஓடுவது என்று யோசிக்க யாராலும் முடியாது. எங்கே போவது, எந்த வழியாகப் போவது, யார் பாட்டியைத் தூக்குவது என்பதை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசி வைத்துவிட வேண்டிய விஷயம். ஒருமுறை நடந்தும் பாருங்கள், ராத்திரியில் டார்ச்சோடு. எங்கள் வழியில் ஒரு முள்கம்பி வேலி இருந்தது. நடந்து பார்த்த பிறகுதான் அதில் ஒரு ஆள் நுழைகிற சந்து வைத்தேன்.

வீட்டைச் சுற்றி ஒரு நடை

ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் ஒரு நாள் ஒதுக்குங்கள். வீட்டுக்கு மேல்பக்கம் மழைத்தண்ணீரைத் தடுத்துத் திருப்பிவிடும் வாய்க்கால் இருக்கிறதா? இருந்தால் சருகை வாரி எறியுங்கள். சில்வர் ஓக் இலை ஊறினால் சாக்குப் போல ஒட்டிக்கொண்டு தண்ணீரை ஏற்றிவிடும். வாய்க்கால் தண்ணீர் கடைசியில் எங்கே விழுகிறது என்றும் போய்ப் பாருங்கள். நிறையப் பேர் தன் வீட்டைத் தாண்டியதும் கணக்கு முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். அது பக்கத்து வீட்டு அஸ்திவாரத்தை அரித்துக்கொண்டிருக்கும்.

தடுப்புச் சுவரில் தண்ணீர் கசிய ஓட்டைகள் விட்டிருப்பார்கள். மழை பெய்யும்போது அதிலிருந்து தண்ணீர் சொட்டினால் சுவர் நல்லபடி இருக்கிறது. பக்கத்து ஓட்டைகள் சொட்டிக்கொண்டிருக்க ஒன்று மட்டும் வறண்டு கிடந்தால் அது அடைத்திருக்கிறது. கம்பியை விட்டுக் குத்துங்கள். ஓட்டையே விடாமல் கட்டி, அழகாகப் பூசி, பெயிண்ட் அடித்த சுவரை நான் கிட்டத்தில் நின்று பார்க்கக்கூட மாட்டேன். பின்னால் தேங்கும் தண்ணீரின் தள்ளலை எந்தச் சுவரும் நெடுநாள் தாங்காது. வயிறு தள்ளின மாதிரி நடுவில் உப்பியிருந்தால் அந்தச் சுவர் கிளம்பத் தயாராக இருக்கிறது என்று அர்த்தம்.

விரிசலுக்கு ஒரு வைத்தியம். சுவரிலோ தரையிலோ விரிசல் இருந்தால் அதன் குறுக்கே பழைய காலண்டர் தாளைப் பசை வைத்து ஒட்டி, தேதி எழுதுங்கள். தாள் கிழிந்தால் விரிசல் நகர்கிறது. பழைய விரிசலா புதிசா என்ற வீட்டுச் சண்டைக்கே இடமில்லை. கதவும் ஜன்னலும் திடீரென்று சட்டத்தில் இறுகிப் பிடிப்பது, வேலிக்கல் வரிசை நெளிவது, கரண்ட் கம்பம் சாய்வது, இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது, எப்போதும் வருகிற ஊற்று நின்றுபோவது, எல்லாம் ஒரே குடும்பம். மேட்டுக்காட்டில் பிறை மாதிரி வளைந்து தரை பிளந்திருந்தால் அன்றைக்கே கிளம்பிவிடுங்கள். அந்தப் பிளவுக்குள் மழைத்தண்ணீர் இறங்காமல் தார்ப்பாய் போட்டு மூடலாம், மேலே மழை இல்லாதபோது மட்டும். அப்புறம் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070.

குளிக்கிற தண்ணீரும் கக்கூஸ் குழித் தண்ணீரும் சரிவுக்குள் இறங்குகிறதா என்று பாருங்கள். விருந்தினர் விடுதியாக மாற்றின வீடுகளில் இது பெரிய தொல்லை. நாலு பேர் புழங்கிய இடத்தில் முப்பது பேர் குளித்தால், மழையே இல்லாத சித்திரையிலும் அந்தச் சரிவு ஊறித்தான் கிடக்கும்.

படுக்கையைச் சரிவுப் பக்கச் சுவரிலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு மாற்றுங்கள். மாடி இருந்தால் மாடியில். பையில் என்ன வைப்பது என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். நான் செருப்பை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். வீட்டுக்காரி அன்று வெறுங்காலோடு ஓடி, கண்ணாடி குத்தி மூன்று வாரம் நொண்டினாள். இப்போது ஆளுக்கொரு ஜோடி கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. விசில் ஒன்றும் கழுத்தில் மாட்டுகிற மாதிரி வையுங்கள். மண்ணுக்கு அடியிலிருந்து கத்தினால் ஐந்து நிமிடத்தில் தொண்டை போய்விடும். விசில் ஊத மூச்சு போதும்.

மலைப்பாதையில்

சனி ஞாயிறு ஏறி வருகிறவர்களுக்கு இது. ரோட்டில் சின்னச் சின்னக் கல் கிடந்தால் வண்டியை நிறுத்தாமல் ஒரு பார்வை பாருங்கள். காய்ந்த கல் என்றால் குரங்கு உருட்டியிருக்கும். ஈரச் செம்மண் ஒட்டிய கல் என்றால் இப்போதுதான் மேலேயிருந்து வந்திருக்கிறது, பின்னால் இன்னும் வரும். வெட்டிய மண்சுவரிலிருந்து காபித்தண்ணி நிறத்தில் நீர் வடிந்தால் சுவர் கரைந்துகொண்டிருக்கிறது. அதன் கீழே நின்று போட்டோ எடுப்பது, அருவி மாதிரி கொட்டுகிறதே என்று தலை நனைப்பது, மழைக்கு ஒதுங்குவது மூன்றும் வேண்டாம். 60 அடி பாலம் பக்கம் எத்தனை பேரை விரட்டியிருக்கிறேன் தெரியுமா? திட்டிவிட்டுத்தான் போவார்கள். போகட்டும்.

பள்ளத்துப் பக்கம் தார் விளிம்புக்கு இணையாக நீளமாகக் கீறல் தெரிந்தால் ரோட்டின் அடி கரைகிறது. மேட்டுப் பக்கமாகவே ஒட்டிக் கடந்துவிடுங்கள். பாட்டை நிறுத்தி, ஜன்னலை நாலு விரல் இறக்கி வைத்தால் மேலே மரம் முறிகிற சத்தம் காதில் விழும். முன்னால் போகிற வண்டியோடு ஒட்டிக்கொண்டு போகாதீர்கள், இரண்டு வண்டிக்கு நடுவில் பின்னால் எடுக்க இடம் வேண்டும்.

விழுந்து கிடக்கும் கல்லை நீங்களே நகர்த்தப் போகாதீர்கள். என்னோடு வேலை பார்த்த ஒருவர், அனுபவசாலிதான், காலையில் டீ குடித்த கையோடு ஒரு கல்லைப் புரட்டினார். மேலே இருந்த இரண்டு கல்லுக்கு அதுதான் அண்டக்கொடுத்திருந்தது. கால் இரண்டு இடத்தில் முறிந்தது. அன்றிலிருந்து எங்கள் ஆட்களில் ஒருவன் கல்லைத் தொடமாட்டான், மேலே பார்த்துக்கொண்டே நிற்பான். கூப்பிட்டால்கூடத் திரும்பக் கூடாது. அதுதான் அவனுக்கு வேலை.

அடிவாரப் பாதையை அடைத்துவிட்டார்கள் என்றால் குப்பனூர் வழியாக ஏறலாமே என்று ஒரு யோசனை வரும். அதுவும் அதே மழையில் நனைகிற அதே மலைதான். மேலே மாட்டியவர்கள் மேலேயே, கீழே இருப்பவர்கள் கீழேயே இருந்துவிடுங்கள். ரோட்டின் குறுக்கே தண்ணீர் ஓடினால் ஆழம் பார்க்க இறங்க வேண்டாம். முழங்காலுக்குப் பாதி உயரம், ஒரு சாண்கூட வேண்டாம், வேகமாக ஓடினால் நல்ல ஆளைச் சாய்க்கும். ஓர் அடி ஆழம் சின்னக் காரைத் தூக்கும். சிறுபாலம் அடைத்து ரோட்டின் மேல் தண்ணீர் ஓடும்போது, அடியில் ரோடு இருக்கிறதா போய்விட்டதா என்பதே வெளியில் தெரியாது.

கிளியூர் அருவிக்கு இறங்குகிறவர்கள் இதை ஞாபகம் வையுங்கள். ஏற்காட்டு ஏரி நிரம்பி வழிகிற தண்ணீரும் அங்கேதான் வருகிறது. கீழே வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழை உங்களைத் தேடி வரும். சேலம் டவுன்காரர்களுக்கும் இதே கதைதான். திருமணிமுத்தாறு பிறப்பது இந்த மலையில். சரபங்காவும், கிழக்கே வாணியாறும் அப்படியே. வீட்டு மாடியிலிருந்து வடக்கே பாருங்கள். சேர்வராயன் மலை கறுத்து மூடி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தால், உங்கள் தெருவில் சொட்டு விழாவிட்டாலும் ஆற்றோரம் நிறுத்தின வண்டியை எடுத்து மேட்டில் விடுங்கள்.

வந்துவிட்டால்

சத்தம் கேட்ட பிறகு கிடைப்பது நொடிகள்தான். ஓடை போகிற திசையில் ஓடக் கூடாது. சேறும் கல்லும் உங்களை விட வேகம். குறுக்கே, இரண்டு பக்கத்தில் எது மேடோ அந்தப் பக்கம். ஓடையைத் தாண்டித்தான் மேடு என்றால் அந்த மேடு உங்களுக்கு இல்லை. ஓடை வளைகிற இடத்தில் வெளிப்பக்கம் நிற்காதீர்கள், திரும்புகிற வேகத்தில் சேறு வெளிக்கரையில் ஏறி அடிக்கும். வண்டியில் இருந்தால் வண்டியை விட்டுவிட்டு ஏறுங்கள். வெளியேறவே முடியாமல் வீட்டில் மாட்டிக்கொண்டால் மாடி, சரிவுக்கு எதிர்ப்பக்க அறை. அதற்கும் நேரமில்லை என்றால் கெட்டியான மேஜைக்குக் கீழே சுருண்டு தலையைக் கையால் மூடிக்கொள்ளுங்கள்.

முதல் தடவை வந்து அடங்கிய பிறகு திரும்பி இறங்குவதில்தான் நிறையப் பேர் போகிறார்கள். சூரல்மலையிலும் அந்த ராத்திரி ஒரு தடவையோடு நிற்கவில்லை. விடிந்து, மழை விட்டு, மேலே ஆள் போய்ப் பார்த்து வந்த பிறகு இறங்குங்கள். மாமியாரின் வெற்றிலைப் பெட்டி மூன்றாம் நாள்தான் கிடைத்தது. சுண்ணாம்பு டப்பி மட்டும் காணவில்லை.

வடக்கே போகிறவர்களுக்கு

நான் 2019இல் ஊர்க்காரர்களோடு கேதார்நாத் போய் வந்தேன். எல்லாரும் கோயிலைப் பார்த்தார்கள். நான் பின்னால் கிடக்கும் பெரிய பாறையையும் பார்த்தேன். பீம் சிலா என்கிறார்கள். 2013 ஜூனில் மேலே இருந்த சோராபாரி ஏரி உடைந்து வெள்ளம் வந்தபோது இந்தப் பாறை கோயிலுக்குப் பின்னால் வந்து நின்று வெள்ளத்தை இரண்டாகப் பிரித்ததாம். நம்ம ஊரில் ஆளுயரக் கல்லைக் கொண்டுவர ஒரு புயல் வேண்டியிருந்தது. அங்கே வீட்டளவு கல்லெல்லாம் ஓடையில் சாதாரணமாகக் கிடக்கிறது.

அங்கே மழை இல்லாமலும் வெள்ளம் வரும். 2021 பிப்ரவரி 7, சமோலியில் நல்ல வெயில், காலை நேரம். உச்சியிலிருந்து பாறையும் பனியும் பிய்த்துக்கொண்டு விழுந்து ரிஷிகங்காவில் இறங்கியது. அணை வேலையில் இருந்தவர்கள் உட்பட 200 பேருக்கு மேல் இறந்தார்கள், காணாமல் போனார்கள். 2023 அக்டோபரில் சிக்கிமில் தெற்கு லோனாக் பனியேரி உடைந்து சுங்தாங் அணையையே அடித்துக்கொண்டு போனது. ஆகவே புட்டியும் நோட்டும் அங்கே பாதிதான் உதவும். படுக்கிற இடத்தைப் பார்த்து எடுப்பதுதான் வழி.

பக்கவாட்டு ஓடை ஒன்று பெரிய ஆற்றில் வந்து சேருகிற இடத்தில் விசிறி விரித்த மாதிரி அழகான சமதரை இருக்கும். இமயமலையில் சமதரை அபூர்வம் என்பதால் கடை, லாட்ஜ், பஸ் நிறுத்தம் எல்லாம் அங்கேதான் வைப்பார்கள். அந்தச் சமதரையைப் போட்டதே அந்த ஓடைதான். ஒவ்வொரு வெள்ளத்திலும் கல்லையும் மண்ணையும் கொண்டுவந்து கொட்டிக் கொட்டி மேடாக்கியது. 2025 ஆகஸ்ட் 5 உத்தரகாசி மாவட்டம் தராலியில் கீர் கங்கா வந்து அடித்தது அப்படி ஒரு விசிறியில் இருந்த கடைவீதியை. அறை எடுக்கும்போது ஜன்னலில் ஆறு தெரிகிறதா என்று கேட்காமல், பக்கத்து ஓடையில் எவ்வளவு பெரிய கல் கிடக்கிறது என்று பாருங்கள். கணுக்கால் தண்ணீர் ஓடுகிற ஓடையில் காரளவு கல் கிடந்தால் அதை ஒரு நாள் அந்த ஓடைதான் தூக்கி வந்திருக்கும். நடப்பவர்கள் விடியலில் கிளம்பி மதியத்துக்குள் சேர்ந்துவிடுங்கள். பனி உருகி வருகிற ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிட வேண்டும். வெயில் ஏற ஏறத் தண்ணீரும் ஏறும்.

போனில் சச்சேத், டிஎன் அலர்ட் என்கிற சர்க்கார் எச்சரிக்கை ஆப் இரண்டும் போட்டு வைத்திருக்கிறேன். ஆரஞ்சு, சிவப்பு என்று மாவட்டத்துக்கு மொத்தமாகச் சொல்லும், நல்லதுதான். என் வீட்டு ஓடைக்கு நிறம் போட்டுச் சொல்ல அதனால் ஆகாது.

கொட்டகையைத் திரும்பவும் அதே இடத்தில் கட்டவில்லை, கோயில் திட்டுப் பக்கம் மாற்றிவிட்டேன். அன்று வந்த சேறு காய்ந்து, பழைய கொட்டகை இருந்த இடம் இப்போது ரோட்டுக்குப் பக்கத்தில் மட்டமான களமாகக் கிடக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் போன மாதம் வந்தான். "மாமா, அந்த எடம் சும்மாதான இருக்குது, நாலு தகரம் போட்டு டீக்கடை வெச்சுக்கட்டுமா? வண்டி நிறுத்தவும் எடம் இருக்குது" என்றான். பதில் சொல்லாமல் ஓடை வழியாக மேலே கூட்டிப் போனேன். கால் மணி நேரம் ஏறியதும், இரண்டு பாறைக்கு நடுவில் சிக்கி நிற்கிற ஒரு பெரிய கல்லும், அதன் மேல் குறுக்கே விழுந்த சில்வர் ஓக் மரமும், அதற்குப் பின்னால் இன்னும் இறங்காத மண்ணும் இருக்கின்றன. ரொம்ப நேரம் பார்த்தான். "ஷீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேனே மாமா" என்றான்.